‘இருந்தால்’ என்ற சொல்லை வெட்டியவர்

தவமலர் அக்காவை நான் முதன்முதலில் கண்டது 1988ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லண்டன் ஸ்ட்ரெதத்தில் நான் வேலை செய்த பெற்றோல் ஷெட்டில். எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நடுவில் ஒரு தடித்த கண்ணாடி. அதன் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு. பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். சாம்பல் நிறக் கோட்டும் பின்னல் தொப்பியுமாக ஒரு தமிழ்ப் பெண் வரிசையில் வந்து நின்றார். வெளியே அவருக்கென்று கார் எதுவும் நிற்கவில்லை.

“நீங்கள்தானே யேசுரட்ணம்?”

“ஓம்.”

“தென்கரைப் பேப்பர் நடத்துறவர்?”

“ஓம் அக்கா. விளம்பரம் போடவோ?”

“இல்லைத் தம்பி. உங்கட பேப்பரிலை உங்கட விலாசம் இல்லை. அச்சடிச்ச ஆளின்ரை விலாசமும் இல்லை. உங்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் போச்சுது. எத்தினை மணிக்கு வேலை முடியும்?”

“ரெண்டு மணிக்கு.”

“நான் உதிலை பஸ் ஸ்டொப்பிலை இருக்கிறன்.”

ஒன்றேகால் மணித்தியாலம் அவர் அந்தக் குளிரில் இருந்தார். நான் கண்ணாடிக்கூடாக அடிக்கடி பார்த்துக்கொண்டேன். பஸ்கள் வந்து வந்து போயின. அவர் எழும்பவில்லை.

‘தென்கரை’ என்பது நானும் என் நண்பன் பரமேஸ்வரனும் நடத்திய மாதப் பத்திரிகை. எட்டுப் பக்கம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு என்று தொடங்கினோம். பிறகு ஆற்றுக்கு அப்பால் இல்ஃபோர்ட் வரைக்கும் போனது. பரமேஸ்வரன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மெசினைப் பாவிக்க முதலாளி விட்டார். நான் ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு மெசினில் அடித்துக் கொடுப்பேன். மன்னாரில் பள்ளிக்கூட மலர் ஒன்றுக்கு ஆசிரியராக இருந்த அனுபவத்தைத் தவிர, பத்திரிகை என்றால் என்ன என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் போய் இருந்தோம். அவர் பையிலிருந்து மூன்று கடதாசிகளை எடுத்து மேசையில் அருகருகே வைத்தார். ஒன்று எங்கள் மார்ச் மாத இதழின் மூன்றாம் பக்கம். இரண்டாவது, உள்ளூர் ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்றின் செய்தித் துண்டு. லைப்ரரியில் தேடிப் பிடித்துப் போட்டோக்கொப்பி எடுத்திருந்தார். மூன்றாவது, உள்ளூராட்சிக் கவுன்சில் அவருக்குக் கொடுத்த பதிவுப் பத்திரம்.

அவர் ஒரு சைல்ட்மைண்டர். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைக் கவுன்சில் அனுமதியோடு தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவர். எங்கள் பத்திரிகையில் நான் எழுதியிருந்தது இது: ‘தோர்ண்டன் ஹீத்தில் பிள்ளைகள் பராமரிக்கும் தவமலர் என்ற தமிழ்ப் பெண், பதிவு இல்லாமல் அளவுக்கு மிஞ்சிப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்ததற்காக நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார்.’

ஆங்கிலச் செய்தியில் தண்டனை பெற்ற தவமலரின் முழுப்பெயர் இருந்தது. வயது முப்பத்தொன்று என்று இருந்தது. நோர்பரியில் எந்த வீதி என்றும் இருந்தது.

“எனக்கு ஐம்பத்திரண்டு வயசு,” என்றார் அக்கா. “நோர்பரியிலை நான் ஒருநாளும் இருக்கேல்லை. இந்த வயசை ஏன் விட்டனீங்கள்?”

“இடம் காணேல்லை அக்கா.”

“நோர்பரி எப்பிடித் தோர்ண்டன் ஹீத் ஆச்சுது?”

“எங்கட ஆக்களுக்கு நோர்பரி எண்டால் தெரியாது, தோர்ண்டன் ஹீத் எண்டால் தெரியும் எண்டு...”

“தெரியாத இடத்தைத் தெரிஞ்ச இடமாய் மாத்திப் போடுறதோ?”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டுக்கு நாலு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். மூன்று தமிழ்ப் பிள்ளைகள், ஒரு ஜமேக்கா நாட்டுத் தாதியின் மகன். எங்கள் இதழ் கடைகளில் வைக்கப்பட்ட கிழமையிலேயே மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். ஒரு தாய், மாமி வந்துவிட்டா என்றாராம். இன்னொருவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாமவர் வாசலில் நின்று பேப்பரையே காட்டினாராம்.

“தமிழ் வாசிக்கத் தெரியாத ஒராள்தான் இப்ப பிள்ளையைக் கொண்டு வாறா,” என்றார். குரல் அதில் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வெட்கத்தைவிடப் பயம்தான் எனக்குள் கூடுதலாக இருந்தது. ஊரில் அம்மா, அப்பா, இரண்டு தங்கச்சிமார். என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. நீதிமன்றம் என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஒரு லோ சென்டருக்குப் போனேன். ஏழை எளியவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடம். கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் சொலிசிட்டர் ஆங்கிலச் செய்தியையும் எங்கள் பக்கத்தையும் அருகருகே வைத்து, தமிழை என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாகவும் சரியாகவும் எழுதினால் சட்டம் உங்களைக் காப்பாற்றும், என்றார். வயதையும் வீதியையும் பத்திரிகைக்காரர் போடுவது அழகுக்கு அல்ல. அதே பெயரில் இருக்கிற வேறொருவர் மாட்டுப்படக் கூடாது என்பதற்காக. நீங்கள் அதை வெட்டினீர்கள், இடத்தையும் மாற்றினீர்கள். நினைத்துச் செய்யவில்லை என்பது பெரிய பாதுகாப்பு இல்லை. யாரோ சொன்னதைத் திரும்பச் சொன்னேன் என்பதும் பாதுகாப்பு இல்லை. திரும்பச் சொன்னால் அது நீங்கள் சொன்னதுதான். வழக்குப் போட அந்தப் பெண்ணுக்கு அரசாங்க உதவி கிடைக்காது, ஆனால் அவர் போட்டால் வெல்லக்கூடும். கடைசியாகக் கேட்டார்: “அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?”

நான் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவமலர் அக்காவை அச்சகத்துக்கு வரச் சொன்னோம். அவர் கேட்டது வழக்கு இல்லை. “பிழையைத் திருத்துங்கோ. பிழை வந்த அதே பக்கத்திலை, அதே அளவிலை. அவ்வளவுதான்.”

பரமேஸ்வரன் ஏற்கெனவே ஒரு வாசகம் தயாரித்து வைத்திருந்தான். எட்டாம் பக்கத்தில், மளிகைக் கடை விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. ‘சென்ற இதழில் வெளியான செய்தி ஒன்றினால் எவருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.’

அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு கையை நீட்டினார். நான் பேனையைக் கொடுத்தேன். அவர் ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டார்.

“இந்த ‘இருந்தால்’ எதுக்கு? புண்பட்டதோ இல்லையோ எண்டு உங்களுக்குச் சந்தேகமோ?”

பரமேஸ்வரன் தலையைச் சொறிந்தான். “அது ஒரு எழுத்து வழக்கம் அக்கா.”

“‘எவருடைய’ எண்டும் இருக்குது. எனக்கு ஒரு பேர் இருக்குத் தம்பி. பிழையாய்ப் போடேக்கை பேரைப் போட்டனீங்கள். திருத்தேக்கை மட்டும் ஏன் ஒளிக்கிறியள்?”

பிறகு மூவரும் சேர்ந்து எழுதினோம். செய்தியில் குறிப்பிடப்பட்டவர், தோர்ண்டன் ஹீத்தில் கவுன்சில் பதிவோடு பிள்ளைகள் பராமரிக்கும் தவமலர் அல்ல, பிழை எங்களுடையது, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். நான் ஒரு ஆர்வத்தில், ‘தண்டிக்கப்பட்டவர் நோர்பரியைச் சேர்ந்த’ என்று அடிக்கத் தொடங்கினேன்.

“வேண்டாம்,” என்றார் அக்கா. “நானில்லை எண்டு போட்டாக் காணும். அவ ஆர் எண்டு திரும்பச் சொல்லத் தேவையில்லை. அவ கோட்டுக்குப் போய்த் தண்டனை வாங்கிட்டா. உங்கட பேப்பரிலையும் இன்னொருக்கா வாங்க வேணுமோ?”

நான் மெசினிலிருந்து தாளை உருவி எடுத்தேன். தன் வயிற்றில் அடித்த செய்திக்குரியவளைப் பற்றி ஒருவர் இப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

இதழ் வந்ததும் எங்களோடு கூடக் கடை கடையாக வருவேன் என்றார். சனிக்கிழமை முழுக்க மூவரும் திரிந்தோம். கடைக்காரரிடம் பழைய இதழ் மிச்சம் இருந்தால் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு புதியதை வைத்தோம். ஒரு கடையில் பரமேஸ்வரன் விளக்கம் சொல்லத் தொடங்க, கடைக்காரர், “இந்த அம்மாவை எனக்கு மூண்டு வருசமாய்த் தெரியும், நான் அப்பவே நம்பேல்லை,” என்றார். அக்கா சிரித்தபடி கேட்டார்: “அப்ப ஏன் அண்ணை எனக்கு ஒரு கோல் எடுக்கேல்லை?” அவர் தராசைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்று தாய்மாரில் ஒருவர் இரண்டு கிழமையில் பிள்ளையோடு திரும்பி வந்தார். இன்னொருவர் மே மாதத்தில் வந்தார். பேப்பரைக் காட்டியவர் வரவே இல்லை. அந்தப் பிள்ளையின் பெயர் சுகந்தன், கரட் என்றால் உயிர் என்று அக்கா பல வருடங்களுக்குப் பிறகும் சொல்லுவார். திருத்தம் எல்லாவற்றையும் திருத்திவிடாது என்று எனக்கு விளங்கியது அந்தப் பிள்ளையால்தான்.

இதழில் இப்போது எங்கள் விலாசமும் அச்சகத்தின் பெயரும் இருந்தன. அப்படிப் போட வேண்டும் என்பது இங்கே சட்டம் என்று அந்தச் சொலிசிட்டர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்னொன்றும் அவர்தான் சொன்னார். இந்த நாட்டில் எது அச்சிட்டு வெளியிட்டாலும், எந்த மொழியானாலும், ஒரு பிரதியை பிரிட்டிஷ் லைப்ரரிக்கு அனுப்ப வேண்டும். பரமேஸ்வரன் இதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தினான். “எங்கட பேப்பரும் அங்கை இருக்கப்போகுது மச்சான்!” பழைய இதழ்களை எல்லாம் அடுக்கியபோது, மார்ச் இதழை மெல்ல எடுத்து ஒதுக்கி வைத்தான்.

“அதையும் வையுங்கோ,” என்றார் அக்கா.

“அக்கா, உங்களைப் பற்றின பிழை அதிலை...”

“வெளியிட்டனீங்கள்தானே? அதுவும் போகட்டும், ஏப்ரல் இதழும் போகட்டும். பிழை விட்டவை திருத்தினவை எண்டு ரெண்டும் சேர்ந்து இருக்கட்டும்.”

பொதியை அவரே கயிறு போட்டுக் கட்டினார். அந்த முடிச்சு சாதாரணமாக வீட்டில் போடுகிற முடிச்சு அல்ல. அப்போதுதான் கேட்டேன், ஊரில் என்ன செய்தீர்கள் என்று.

யாழ்ப்பாணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தொரு வருடம் ஒப்பரேட்டராக இருந்திருக்கிறார். கொழும்புக்கும் கண்டிக்கும் ட்ரங்க் கோல் இணைத்துக் கொடுத்த குரல். பொதி கட்டப் பழக்கியவர் தபால் கந்தோரில் வேலை செய்த கணவர்; அவர் எண்பத்திரண்டில் மாரடைப்பில் போய்விட்டார். எண்பத்து நாலில் ஒரே மகள் வசந்தமலரோடு லண்டனுக்கு வந்தார். ஆங்கிலம் நல்லாகத் தெரியும், ஆனால் இங்கே எந்தக் கந்தோரிலும் அவரை எடுக்கவில்லை. பிள்ளை பார்க்கத் தொடங்கினார்.

“எக்ஸ்சேஞ்சிலை நம்பரைக் கேட்டாத் திரும்பச் சொல்ல வேணும்,” என்றார். “அந்தப் பக்கம் ‘சரி’ எண்டு சொன்ன பிறகுதான் இணைக்கலாம். இல்லாட்டி ஒருத்தன்ரை சாவுச் செய்தி இன்னொருத்தன்ரை வீட்டுக்குப் போயிடும். ஒருக்கா எனக்கு அப்பிடி நடந்தது. நான் பழகுற காலம். அந்த மனுசி அழுத அழுகை இண்டைக்கும் கேக்குது.”

பிறகு நான் கேட்டேன். எப்படித் துணிவு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

“அக்கா, அச்சுக்குப் போக முதல் ஒவ்வொரு மாதமும் நீங்கள் ஒருக்கா வாசிச்சுத் தருவியளோ?”

அவர் உடனே சம்மதிக்கவில்லை. மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் பெற்றோல் ஷெட்டுக்கு போன் வந்தது. “ஓம் தம்பி. ஆனா ஒரு விசயம். நான் வேண்டாம் எண்டு சொன்னா ஏன் எண்டு கேக்கலாம், சண்டை பிடிக்க ஏலாது.”

சண்டை பிடித்தோம். பத்து வருடமும் பிடித்தோம். மரண அறிவித்தல் வந்தால் கொண்டுவந்த ஆளுக்கே போன் எடுத்து, இறுதிக் கிரியை நேரத்தைத் திரும்பச் சொல்ல வைப்பார். கலைவிழாப் படத்தில் பிள்ளைகள் இருந்தால் தாய் தகப்பனைக் கேட்டீர்களா என்பார். வேறு பத்திரிகையில் வந்த கட்டுரையை நான் அப்படியே தமிழில் போடப் போனால், “செய்தி பொது, எழுத்து அவரின்ரை. கடிதம் போட்டுக் கேளுங்கோ,” என்பார். நான் சலித்துக்கொள்ளுவேன். கேட்ட பேரில் பாதிப் பேர் சந்தோசமாய் ஓம் என்று எழுதினார்கள். ஒருவர் தான் எழுதிய இன்னும் இரண்டு கட்டுரைகளையும் கூட அனுப்பிவைத்தார்.

ஆனால் நான் இதை எழுதக் காரணம் 1992இல் நடந்த ஒரு விசயம்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. இல்ஃபோர்ட்டில் வசிக்கும் ஒருவரின் பெயரையும் வீதியையும் எழுதி, அவர் ஊரில் ஆமிக்கு ஆட்களைக் காட்டிக் கொடுத்தவர் என்று ஒரு பக்கம் முழுக்கக் குற்றச்சாட்டு. கீழே ‘உண்மை விரும்பி’ என்று மட்டும். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல் ஒருவர் மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் பயம், ஊரில் இருக்கிற உறவுக்கு அதைவிடப் பயம்.

பரமேஸ்வரன் போட வேண்டும் என்றான். “வாசகர் கடிதம்தானே மச்சான். நாங்கள் சொல்லேல்லை, அவர் சொல்றார். உண்மையெண்டால் சனத்துக்குத் தெரிய வேணும்.”

எனக்கும் உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. அந்த இதழ் கைமாறிக் கைமாறிப் போகும், எல்லா இடத்திலும் எங்கள் பெயர் பேசப்படும் என்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அக்கா இரண்டு தரம் வாசித்தார். “எழுதினவர் தன்ரை பேரைச் சொல்லப் பயப்பிடுறார். ஆனா மற்றவரின்ரை பேரும் வீதியும் நாங்கள் போட வேணுமாம். எழுதினது ஆரெண்டு தெரியாமல், குற்றம் சாட்டப்பட்டவரிட்டையும் ஒரு சொல் கேளாமல், போட ஏலாது.”

“எழுதினவரை எங்கை அக்கா தேடுறது?”

“தேட வேண்டாம். அடுத்த இதழிலை ஒரு வரி போடுங்கோ: பேரும் விலாசமும் இல்லாத கடிதங்களைப் பிரசுரிக்க மாட்டோம், பேரை வெளியிட விருப்பமில்லாட்டியும் எங்களுக்குத் தெரிய வேணும். உண்மை தெரிஞ்ச ஆள் எண்டா வருவார்.”

அப்படியே போட்டோம். மூன்று கிழமை கழிந்து ஒருவர் பெற்றோல் ஷெட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, வரிசையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெல்லக் கேட்டார்: “அந்தக் கடிதத்தைப் போட்டிட்டியளோ?”

“இல்லை.”

அவர் பிளவுக்குள் கையை வைத்தபடி அப்படியே நின்றார். அவரும் அந்த இல்ஃபோர்ட்காரரும் ஒரே வீட்டில் அறை எடுத்து இருந்தவர்களாம். குளியலறை, சமையல் என்று சச்சரவு. அது முற்றி ஒருநாள் கைகலப்பு. அந்தக் கோபத்தில் எழுதியிருக்கிறார். “அவர் அப்பிடி ஒண்டும் செய்யேல்லை அண்ணை. நான் எழுதின அண்டைக்கு இரவே பிழை எண்டு தெரியும். போஸ்ட் பண்ணின பிறகு எனக்கு நித்திரை இல்லை. ஒவ்வொரு கடையிலும் போய் உங்கட பேப்பரைத் திறந்து பார்க்கிறன்.”

என் பைக்குள் கிடந்த கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இல்ஃபோர்ட்காரரை அதற்குப் பிறகு இரண்டு தரம் கண்டிருக்கிறேன். கோயில் திருவிழாவில் ஒருமுறை, ஒரு கலியாண வீட்டில் ஒருமுறை. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார். தன்னைப் பற்றி அப்படி ஒரு தாள் இருந்ததோ, அது அச்சேற ஒரு கைதூரத்தில் கிடந்ததோ அவருக்குத் தெரியாது. அன்று நான் வீட்டுக்கு வந்து மனைவி றோஸ்மலரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதேன். எங்கள் கையால் அந்த மனிதனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்ற நன்றி அது. அந்த நன்றி யாருக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கடிதம் எழுதியவர் வந்துபோன கிழமையே அக்காவிடம் போய் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் அடுப்பில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்திருந்தார். கரண்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“நல்ல காலம்,” என்றார். பிறகு, “வந்து சொன்ன மனுசனும் நல்ல மனுசன்தான். அவருக்கும் துணிவு வேணும்.”

பரமேஸ்வரனுக்கு அந்தச் சம்பவம் மனத்தில் ஆழமாகப் பட்டுவிட்டது. அவன் பிறகு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, இரவுப் பள்ளியில் பத்திரிகைச் சட்டம் பற்றி ஒரு சின்னப் படிப்பும் படித்தான். அக்காவோடு வாதாடுவதற்காகத்தான் படிக்கிறேன் என்று சொன்னான். படித்து முடித்த பிறகு வாதாடுவது குறைந்துவிட்டது.

1998 ஓகஸ்டில் வசந்தமலருக்கு வடக்கே லீட்ஸ் நகருக்கு வேலை மாறியது. பேரப்பிள்ளை பிறந்திருந்தது. அக்கா தோர்ண்டன் ஹீத் வீட்டைக் கொடுத்துவிட்டு மகளோடு போக முடிவெடுத்தார். தூர பஸ்கள் புறப்படும் விக்டோரியா கோச் ஸ்டேசனுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். மகள் பெரிய பெட்டிகளோடு முதலே போய்விட்டாள். கையில் ஒரு சின்னப் பை, ஆரஞ்சுத் தோடம்பழங்கள் போட்ட ஒரு பை.

கோச் வர இருபது நிமிடம் இருந்தது. நான் பல நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

“அக்கா, நீங்கள் அண்டைக்கு என்னைக் கோட்டுக்கு இழுத்திருக்கலாம். பேப்பரை அண்டைக்கே மூடியிருப்பம். என்னை மனுசனாக்கினது நீங்கள்.”

“சும்மா இருங்கோ தம்பி,” என்றார். ஆனால் முகம் மலர்ந்தது. “நானும் ஒண்டு சொல்லுறன். இந்த நாட்டுக்கு வந்து முதல் நாலு வருசம், ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. எக்ஸ்சேஞ்சிலை இருந்தனான் எண்டு சொன்னாச் சிரிப்பினம். நீங்கள் ரெண்டு பேரும்தான், நான் சொல்லச் சொல்லப் பேனையைத் தந்தனீங்கள். வீட்டிலை இருந்து உங்கட பேப்பர் வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமையள் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. பத்து வருடம் அவர் எங்களுக்குச் செய்த உபகாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோச் வந்தது. சாரதி கதவைத் திறந்தான். அக்கா ஏறி, யன்னல் ஓரமாய் இருந்து, தோடம்பழப் பையிலிருந்து இரண்டை எடுத்து யன்னலுக்கூடாகக் காட்டினார். எனக்குத் தர மறந்துவிட்டாராம். நான் கை காட்டி, நீங்களே சாப்பிடுங்கோ என்றேன். அவர் அங்கேயே ஒன்றை உரிக்கத் தொடங்கினார். கோச் மெல்லப் பின்வாங்கி, திரும்பி, வடக்கே போகிற வீதியில் ஏறியது. நான் காரை எடுத்துக்கொண்டு பின்னேர ஷிப்டுக்குப் போனேன்.